தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே

தண்ணீர் நிரப்பிய பலூனை ஊசியால் குத்தினால் என்ன ஆகும் என்று யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள்: வெடிக்கும், தண்ணீர் கொட்டும். அதையே ஸ்லோ மோஷனில் படம்பிடித்துக் காட்டினால், விடை தெரிந்த அதே ஆட்கள் வைத்த கண் வாங்காமல் பார்க்கிறார்கள். முடிந்ததும் மறுபடி ஓடவிடுகிறார்கள். ஊசி பட்ட இடத்தில் ரப்பர் கிழிந்து, சுருண்டு, பின்வாங்கி ஓடிவிடுகிறது. தண்ணீர் மட்டும் விழாமல், பலூன் போன பிறகும் பலூனின் உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு கணம் அந்தரத்தில் நிற்கிறது. புவியீர்ப்பு அதன் பிறகுதான் வேலையைத் தொடங்குகிறது. இங்கிலாந்தைச் சேர்ந்த கேவின் ஃப்ரீ, டேன் குரூச்சி என்ற இரு நண்பர்கள் இத்தகைய காட்சிகளை மட்டுமே நம்பி 2010-இல் 'தி ஸ்லோ மோ கைஸ்' என்ற யூடியூப் சேனலைத் தொடங்கினார்கள். ஆறடி பலூனுக்குள் ஆளையே உட்காரவைத்துத் தண்ணீர் நிரப்பி வெடிக்கவிட்டதுவரை அவர்கள் செய்ததெல்லாம் கோடிக்கணக்கான முறை பார்க்கப்பட்டிருக்கிறது.

இதில் அப்படி என்ன இருக்கிறது? மனதுக்கு இதமாக இருக்கிறது, அவசர யுகத்தில் கொஞ்சம் நிதானம் கிடைக்கிறது என்பது வழக்கமான பதில். அது போதாது என்று நினைக்கிறேன். நிதானம்தான் வேண்டுமென்றால் நத்தை ஊர்வதைப் பார்க்கலாமே. அதை யாரும் இரண்டாம் முறை ஓடவிடுவதில்லை. வேகமான எந்த நிகழ்ச்சியிலும் தொடக்கமும் முடிவும்தான் நம் கண்ணுக்குக் கிட்டுகின்றன. நடுப்பகுதியை மனம் தன் பாட்டுக்கு நிரப்பிக்கொள்கிறது. நிரப்பியது தான்தான் என்பதையும் மறந்துவிடுகிறது. அந்த நடுப்பகுதியைக் கேமரா எடுத்துக் காட்டும்போது, பார்த்ததாக நம்பிக்கொண்டிருந்த ஒன்றை நாம் பார்த்ததே இல்லை என்பது வெட்டவெளிச்சமாகிறது. அந்தத் திகைப்பில்தான் ஸ்லோ மோஷனின் கவர்ச்சி இருக்கிறது. அது தினசரிக் காட்சிகளில் கூடுதலாக வேலை செய்வதும் இதனால்தான். துப்பாக்கிக் குண்டு பறப்பதைப் பற்றி நம் மனதில் படம் எதுவும் கிடையாது. அதனால் பொய்ப்பதற்கும் ஒன்றுமில்லை. பால் சொட்டுவதும் பூனை குடிப்பதும் ஆயிரம் முறை பார்த்தவை. தப்பான படங்கள் குவிந்துகிடப்பது அங்கேதான்.

செய்முறை எளியது. சினிமா நொடிக்கு 24 படங்களாக ஓடுகிறது. நொடிக்கு 1,000 படங்கள் எடுத்து அதே 24 வீதம் ஓட்டினால், ஒரு நொடி ஏறக்குறைய 42 நொடிகளாக நீளும். ஒவ்வொரு படத்துக்கும் ஆயிரத்தில் ஒரு பங்கு நொடிக்குள் போதிய வெளிச்சம் விழ வேண்டும் என்பதுதான் பெரிய தலைவலி. ஆகஸ்ட் முஸ்கர் என்ற ஆஸ்திரியப் பாதிரியார் சுழலும் கண்ணாடிகளைக் கொண்டு, அசைவை மெதுவாக்கிக் காட்டும் கருவியை அமைத்து 1904-இல் காப்புரிமை பெற்றார். ஆனால் நடுப்பகுதியைத் துருவிப் பார்க்கும் ஆசை அவருக்கும் முந்தியது.

குதிரை நாலுகால் பாய்ச்சலில் ஓடும்போது நான்கு குளம்புகளும் ஒரே சமயத்தில் தரையை விட்டு எழும்புகின்றனவா என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெரிய சர்ச்சை. கலிஃபோர்னியாவின் முன்னாள் ஆளுநரும் ரயில்வே முதலாளியுமான லீலண்ட் ஸ்டான்ஃபோர்டு இதைத் தீர்க்க எட்வர்ட் மைபிரிட்ஜ் என்ற புகைப்படக்காரரை அமர்த்தினார். (இதற்காகப் பெருந்தொகை பந்தயம் கட்டினார் என்ற கதை இன்றும் உலவுகிறது, அதற்கு ஆதாரம் இல்லை.) 1878 ஜூனில் பாலோ ஆல்டோவில் ஓடுபாதையோரம் 12 கேமராக்கள் வரிசையாக வைக்கப்பட்டன, குதிரை ஓடும்போது பாதையின் குறுக்கே கட்டிய நூல்கள் அறுந்து ஒவ்வொன்றையும் இயக்கின. நான்கு கால்களும் எழும்புவது உண்மைதான் என்று தெரிந்தது. ஆனால் அவை எழும்பும் கணம்தான் எல்லோரையும் தூக்கிவாரிப்போட்டது. முன்னங்கால் முன்னேயும் பின்னங்கால் பின்னேயும் நீட்டி, வயிறு தரையோடு பறப்பதாகத்தான் ஓவியர்கள் வரைந்துவந்தார்கள். பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கும், ஓவியர் ஜெரிக்கோ 1821-இல் வரைந்த எப்சம் குதிரைப் பந்தயக் காட்சி அப்படித்தான் இருக்கிறது. கால்கள் நீளும் நேரத்தில் அல்ல, வயிற்றுக்கடியில் அவை ஒன்றுகூடி மடங்கும் நேரத்தில்தான் குதிரை காற்றில் இருக்கிறது என்றன படங்கள். ஜெரிக்கோ குதிரையே பார்க்காதவர் இல்லை. குதிரைகளோடு வாழ்ந்து, அவற்றை வரைந்து பேர் வாங்கியவர். அவர் கண்ணுக்கே நடுப்பகுதி கிட்டவில்லை.

குதிரையைவிட என்னை அதிகம் யோசிக்கவைப்பது ஒரு சொட்டுப் பாலின் கதை. ஆர்தர் வொர்திங்டன் என்ற ஆங்கிலேய இயற்பியலாளர், சொட்டு ஒன்று விழுந்து சிதறுவதைப் பற்றி 1870-களிலிருந்து ஆராய்ந்துவந்தார். அப்போது அவரிடம் அதற்கேற்ற கேமரா இல்லை. இருட்டறையில் சொட்டை விழவிட்டு, சரியான கணத்தில் ஒரு மின்பொறியைத் தெறிக்கவிடுவார். அந்த மின்னலில் கண்ணில் பதிந்த உருவத்தை உடனே வரைந்துகொள்வார். அடுத்த சொட்டுக்குப் பொறி கொஞ்சம் தாமதமாக வரும். இப்படி நூற்றுக்கணக்கான சொட்டுகளிலிருந்து ஒரே சிதறலின் வரலாற்றைத் தொகுத்தார். சிதறல் கிரீடம்போல எழும்பும்; அவர் வரைந்த அந்தக் கிரீடங்கள் அழகானவை: எல்லாப் பக்கமும் ஒரே அளவு, முனைகளுக்கிடையே ஒரே இடைவெளி. 1894 வாக்கில் மின்பொறி வெளிச்சத்திலேயே புகைப்படம் எடுக்க முடிந்தபோது வேறு காட்சி வந்தது. ஒரு முனை நீளம், ஒரு முனை குட்டை. ஒரு பக்கம் சரிவு. ஒரு சிதறல்கூட அவர் வரைந்த அளவுக்குச் சீராக இல்லை. பழைய குறிப்புகளைப் புரட்டிப் பார்த்தால், கோணல்மாணலான உருவங்களை அவரே பல முறை பார்த்து வரைந்துதான் இருந்தார். அவற்றையெல்லாம் தற்செயல் பிசகு என்று ஒதுக்கிவிட்டு, சீரானதையே 'உண்மையான' சிதறலாக எடுத்துக்கொண்டிருந்தார். இதை அவர் ஒளிக்கவில்லை. 1908-இல் வெளியிட்ட சிதறல்கள் பற்றிய நூலில் வெளிப்படையாகவே எழுதினார். கண் மங்கலான ஆள் அல்ல அவர். இருபது ஆண்டு அதையே பார்த்தவர். மனம் நடுப்பகுதியை நிரப்பும்போது, தான் விரும்பும் ஒழுங்கைக் கொண்டே நிரப்புகிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஹரால்டு எட்ஜெர்டன் 1957-இல் எடுத்த பால்சொட்டுக் கிரீடத்தின் வண்ணப்படம் இன்று சுவரொட்டியாகவும் பாடப்புத்தகப் படமாகவும் உலகம் சுற்றுகிறது. அது ஏறக்குறையச் சீராக இருக்கிறது. ஏறக்குறைய மட்டும்தான்.

மழைத்துளியை வரையச் சொன்னால் குழந்தை முதல் விளம்பர ஓவியர் வரை மேலே கூர்முனை வைத்துத்தான் வரைவார்கள். சிறிய துளிகள் உண்மையில் உருண்டைதான். சற்றுப் பெரிய துளி, கீழிருந்து காற்று தள்ளுவதால் அடி தட்டையாகி இட்லிபோல விழுகிறது. அதைவிடப் பெரிதானால் நடுவில் காற்று புகுந்து பைபோல் உப்பி உடைந்துவிடும். கூர்முனைத் துளியை யாரும் வானத்தில் பார்த்ததில்லை. குழாய் முனையிலிருந்து பிரியும் துளியைப் பார்த்துவிட்டு மழைக்கும் அதையே ஒட்டவைத்திருக்கிறோம். பூனை விஷயமும் இப்படித்தான். தலைகீழாகப் பிடித்து விட்டாலும் பூனை காலூன்றி விழுகிறது. விடுகிற கையை உதைத்துத்தான் அது திரும்புகிறது என்று படித்தவர்களே நம்பினார்கள். பிடிமானம் இல்லாமல் காற்றில் திரும்புவது இயற்பியல் விதிக்கு முரண் என்று வாதிட்டார்கள். பிரான்சின் உடலியல் அறிஞர் எட்டியன்-ஜூல் மாரே 1894-இல் தன் தொடர்படங்களைப் பாரிஸ் அறிவியல் கழகத்தின் முன் வைத்தார். கையை விட்ட பிறகுதான் பூனை திரும்பத் தொடங்குகிறது. உடம்பின் முன்பாதியும் பின்பாதியும் தனித்தனியே முறுக்கிக்கொள்கின்றன. விதி மீறப்படவில்லை, அதை எப்படிப் பயன்படுத்துவது என்பது அங்கிருந்த அறிஞர்களைவிடப் பூனைக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அடுப்படியில் இந்த வகைச் செல்வம் கொட்டிக்கிடக்கிறது. நன்றாகக் காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் துளிகள் முத்துகளாக உருண்டோடும். கல் மிதமான சூட்டில் இருந்தால் அவை ஒட்டிக்கொண்டு சொய்யென்று உடனே வற்றிவிடும். கூடுதல் சூட்டில் துளி கூடுதல் நேரம் பிழைப்பது விசித்திரம்தான். துளியின் அடியில் உடனடியாக உண்டாகும் மெல்லிய நீராவிப் படலம் அதைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறது. துளி கல்லைத் தொடுவதே இல்லை. ஜெர்மானிய மருத்துவர் லைடன்ஃப்ராஸ்ட் இதை 1756-இலேயே எழுதிவைத்தார். மெதுவாக ஓட்டிப் பார்க்கும்போதுதான் துளி ஓடுகிற ஓட்டத்தில் விரிந்து, சுருங்கி, கோணம் மாறித் துடிப்பது தெரிகிறது. சோளம் பொரிவதை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சு ஆய்வாளர்கள் இருவர் 2015-இல் அதை நொடிக்கு 2,900 படங்கள் வீதம் எடுத்தார்கள். உள்ளே சூடு ஏறத்தாழ 180 டிகிரி செல்சியஸைத் தொடும்போது தோல் கிழிகிறது. முதலில் வெளிவரும் மாவுப்பகுதி ஒரு காலாக நீண்டு, சட்டியை உதைத்து, மணியைக் குட்டிக்கரணம் போடவைக்கிறது. பட்டென்று கேட்கும் ஓசை தோல் கிழிவதால் வருவதும் இல்லை, சட்டியில் மோதுவதால் வருவதும் இல்லை. அடைபட்ட நீராவி வெளியேறும் ஓசை அது. பூனை பால் குடிப்பதையோ எட்ஜெர்டனின் பங்களிப்போடு 1940-இல் வந்து ஆஸ்கர் வாங்கிய குறும்படத்திலேயே காட்டிவிட்டார்கள். ஆனாலும் விளக்கம் முழுமையாக வர 2010 ஆயிற்று. பூனை பாலை மொண்டு குடிப்பதில்லை. நாக்கு நுனியால் பாலின் மேற்பரப்பைத் தொட்டு விருட்டென்று இழுக்கிறது. கூடவே ஒரு பால் தூண் எழும்புகிறது. அது சரிந்து விழுவதற்குள் வாயை மூடிக்கொள்கிறது. நொடிக்கு நான்கு முறை. இந்த ஆராய்ச்சி தொடங்கியது, எம்.ஐ.டி. பொறியாளர் ரோமன் ஸ்டாக்கர் தன் வீட்டுப் பூனை குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்ததில்.

திகைப்பு சரி, கம்பீரம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கலாம். ஒரு டம்ளர் தண்ணீர் சிந்துவது கடலலைபோல் தோன்றுகிறதே? இதற்குக் கணக்கு இருக்கிறது. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட அரை நொடிக்கும் குறைவாகத்தான் ஆகும். 100 மீட்டரிலிருந்து விழுந்தால் ஏறக்குறைய நாலரை நொடி. உயரம் நூறு மடங்கானால் நேரம் பத்து மடங்கு. இந்தப் பொருத்தத்தை நாம் பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகியிருக்கிறோம். மெதுவாக விழுந்தால் அது பெரியது என்று மனம் முடிவுகட்டிவிடுகிறது. ஆகவே பத்து மடங்கு மெதுவாக்கினால் ஒரு சென்டிமீட்டர் தெறிப்பு ஒரு மீட்டர் அலையாகிவிடும். பொம்மைக் கப்பலை வைத்து நிஜக் கப்பல் மூழ்கும் காட்சியை எடுக்கும் சினிமாக்காரர்களுக்கு இது தொழில் ரகசியம்: கப்பல் 25-இல் ஒரு பங்கு அளவு என்றால் கேமராவை ஐந்து மடங்கு வேகத்தில் ஓட்டுவார்கள். நம் நாயகர்கள் ஸ்லோ மோஷனில் நடந்து வருவதும் இதே கணக்குதான். பெரிய உடம்பின் கால்வீச்சு மெதுவானது. மெதுவாக வீசினால் ஆள் பெரியவராகத் தெரிகிறார், துண்டு பறந்து தோளில் விழுவதற்குள் தியேட்டரில் விசில் பறக்கிறது. ஒரு வித்தியாசம் மட்டும் உண்டு. நாயகனின் நடையில் நமக்குத் தெரியாத நடுப்பகுதி எதுவும் இல்லை. உருவப் பெருக்கம் மட்டுமே இருக்கிறது. அதனால் மூன்றாவது முறை அது அலுத்துவிடுகிறது. பால்சொட்டு அலுப்பதில்லை, ஒவ்வொரு முறையும் கிரீடம் வேறு.

இத்தனை பேர் இவற்றைப் பார்ப்பது அறிவுப் பசியால் என்று சொல்வது மிகை, பெரும்பாலானவர்கள் படுக்கையில் சாய்ந்து விரலால் தள்ளிக்கொண்டே போகிறார்கள் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் நியாயம் உண்டு. சோப்பு வெட்டுவதும் ஜெல்லி நடுங்குவதும் வெறும் வருடலாக நின்றுவிடுகின்றன என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வருடல் மட்டுமே காரணம் என்றால் எந்தப் பொருளை மெதுவாக்கினாலும் ஒன்றுபோலக் கவர வேண்டும். மேகம் நகர்வதையும் மாடு அசைபோடுவதையும் யாரும் மெதுவாக்குவதில்லை; மேகத்தை வேகமாக்கித்தான் பார்க்கிறார்கள். கண்ணின் எல்லைக்கு இந்தப் பக்கம் நழுவுவதை மெதுவாக்குகிறோம், அந்தப் பக்கம் நழுவுவதை முடுக்குகிறோம். தேவை வேகத்தில் இல்லை, நழுவியது கைக்கு வருவதில். அதை அறிவுப் பசி என்று பெரிய பேரால் அழைக்க வேண்டியதில்லை. என்ன நடந்தது என்று எட்டிப் பார்க்கிற தெருச் சண்டை ஆர்வத்துக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை.

இன்னொரு மறுப்பு கனமானது: இப்படி யாருக்கும் தெரிவதில்லையே, நீட்டிய காலம் என்பதே ஒரு பொய் அல்லவா? விபத்தின்போது எல்லாம் மெதுவாக நடந்தது என்று சொல்பவர்கள் உண்டு. அதைச் சோதிக்க நரம்பியல் அறிஞர் டேவிட் ஈகிள்மனும் சகாக்களும் தன்னார்வலர்களை 31 மீட்டர் உயரத்திலிருந்து வலையில் விழவிட்டார்கள். 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். தாங்கள் விழுந்த நேரத்தை அவர்கள், பிறர் விழுந்ததைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நீட்டித்தான் மதிப்பிட்டார்கள். ஆனால் மணிக்கட்டில் கட்டியிருந்த கருவியில் வேகமாக மாறிய எண்களை, சாதாரண நேரத்தில் படிக்க முடிந்ததைவிடக் கூடுதலாக அவர்களால் படிக்க முடியவில்லை. நீண்டது நினைவுதான், பார்வை இல்லை. ஆக, ஸ்லோ மோஷன் மனித அனுபவத்தின் நகல் இல்லை என்பது உண்மை. நுண்ணோக்கியில் தெரியும் கிருமியும் யார் அனுபவத்திலும் இல்லை. அதற்காக அதைப் பொய் என்று சொல்வதில்லை. படத்தில் உள்ள ஒவ்வொரு கணமும் நடந்த கணம். பொய் நுழைவது பெரும்பாலும் ஓசை வழியாகத்தான். வேகக் கேமராக்கள் பலவற்றில் ஒலியே பதிவாவதில்லை. தண்ணீர் பிளப்பதற்கு நாம் கேட்கும் அந்த ஆழ்ந்த உறுமலைப் பின்னால் சேர்த்திருப்பார்கள்.

இந்த வாதம் பொருள்களோடு நின்றுவிடுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். 2016-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு கொள்ளையின்போது நடந்த கொலையின் கண்காணிப்புக் கேமராப் பதிவைச் சிலருக்கு இயல்பு வேகத்திலும் சிலருக்கு மெதுவாகவும் காட்டினார்கள். மெதுவாகப் பார்த்தவர்கள், சுட்டவர் திட்டமிட்டே சுட்டார் என்று கருதுவது கூடியது. அவருக்கு யோசிக்க நேரம் இருந்ததாக அவர்களுக்குத் தோன்றியது. உண்மையில் கடந்த நேரத்தைத் திரையிலேயே காட்டியபோதும் இந்தச் சாய்வு குறைந்ததே தவிர மறையவில்லை. கால்பந்து நடுவர்களிடம் நடத்திய ஆய்விலும் மெதுவாகப் பார்த்த தவறுகளுக்குக் கடுமையான அட்டை விழுந்தது. உடம்பின் அசைவை நீட்டும்போது, அதற்குப் பின்னாலிருந்த மனமும் கூடவே நீண்டதாக நினைத்துக்கொள்கிறோம். மனதுக்கு அந்த நேரம் கிடைக்கவே இல்லை. கேமரா ஒரு நடுப்பகுதியை நிரப்பிக் காட்டியதும், நாம் உடனே இன்னொன்றைக் கற்பனையால் நிரப்பத் தொடங்கிவிடுகிறோம் என்று இதை வாசிக்கிறேன். சோள மணிக்கு நோக்கம் கிடையாது; அதனால் அங்கே ஆபத்தும் இல்லை. குற்றவாளிக் கூண்டில் நிற்பவரின் படத்தை நீதிமன்றத்தில் மெதுவாக ஓட்டுவதாக இருந்தால், இயல்பு வேகத்தில் முதலில் ஓட்டுவதைக் கட்டாயமாக்குவது நல்லது.

கிரிக்கெட் ரசிகர்களுக்கு இந்த எல்லைக்கோடு பழக்கமானது. புல்லை ஒட்டிப் பிடித்த கேட்ச், மைதானத்தில் சுத்தமாகத் தெரியும். மூன்றாவது நடுவர் மெதுவாக ஓட்ட ஓட்டச் சந்தேகம் முளைக்கும். களநடுவரின் முதல் கருத்துக்கு எடை கொடுத்த 'சாஃப்ட் சிக்னல்' முறையை ஐ.சி.சி. 2023 ஜூனிலிருந்து கைவிட்டது. விவாதம் மட்டும் ஓயவில்லை. அதே தொழில்நுட்பம் நோ-பாலுக்கு வந்தால் பேச்சே எழுவதில்லை. குதிகால் கோட்டுக்குப் பின்னால் விழுந்ததா என்பது நடுப்பகுதி பற்றிய சுத்தமான கேள்வி. பந்துவீச்சாளர் என்ன நினைத்தார் என்பது அதில் சேர்வதில்லை.

இவ்வளவும் ஒரு காலத்தில் ஆய்வுக்கூடத்துச் சரக்கு. 2014-இலேயே ஐஃபோன் நொடிக்கு 240 படங்கள் எடுத்தது. இன்று நடுத்தர விலை ஃபோன்கள் பலவற்றிலும் அந்த வசதி உண்டு. வீட்டில் அதை முதன்முதலில் சோதிப்பவர்கள் கடுகு தாளிப்பதையோ குழந்தை குதிப்பதையோ எடுக்கப்போய், படம் முழுக்கத் துடிப்பதைப் பார்த்து ஃபோன் பழுதோ என்று சந்தேகிப்பதுண்டு. துடிப்பது விளக்கு. நம் வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை முன்னும் பின்னுமாகப் பாய்கிறது. பழைய சோக் வைத்த டியூப் லைட்டும் மலிவான எல்.இ.டி. பல்புகள் பலவும் அதற்கேற்ப நொடிக்கு 100 முறை பிரகாசமாகி மங்குகின்றன. மின்னோட்டத்தைச் சீராக்கும் நல்ல டிரைவர் வைத்த பல்பு துடிக்காது. ஒரே வீட்டில் ஹாலில் எடுத்தால் சீராகவும் சமையலறையில் எடுத்தால் துடித்துக்கொண்டும் வருவதற்கு இதுதான் காரணம். பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் எடுத்தால் இந்தச் சிக்கல் இல்லை.